சாய்த்து விடப்பட்ட நிரை

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், மூணாறு மலையில் நாங்கள் பிறந்து வளர்ந்த லயத்து வீட்டில், அம்மா என் தம்பியிடம் ஒரு கேள்வி கேட்டாள். வெளியே மூன்று நாளாக விடாத மழை. தம்பி வடக்கே ஒரு லேசர் ஆய்வகத்தில் முனைவர் பட்ட ஆய்வு மாணவன். ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு ஊர் வந்திருந்தான். “அங்க அப்படி என்னதான்யா வேலை பாக்க?” என்றாள் அம்மா. அவன் “லேசர்ம்மா” என்றான். பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, தேநீரைக் குடித்து முடித்தான். அம்மா என்னைப் பார்த்தாள். “ரெண்டு பிள்ளையும் படிச்சதுதான். ஒண்ணுக்காவது சொல்லத் தெரியுதா பாரு.”

அந்தச் சொல் அவனைவிட என்னையே அதிகம் தைத்தது. நான் மொழியியலில் முதுகலை முடித்தவள். மூணாறு, தேவிகுளம், மறையூர் முதல் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வரை, கேரள எல்லைப்புறங்களில் பேசப்படும் தமிழைப் பதிவு செய்வதே என் ஆய்வு. எந்த ஊரில் எந்த உயிர் எப்படி ஒலிக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால் உடன்பிறந்தவன் செய்கிற வேலையைப் பெற்ற தாய்க்குச் சொல்ல நான்கு வாக்கியம் என்னிடம் இல்லை. அதே வாரத்தில், நாங்கள் படித்த தமிழ்வழிப் பள்ளியின் ஆசிரியை ஒருவர், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவன் ஒரு மணிநேரம் பேச வேண்டும் என்று கேட்டார். “தமிழில் வராது அக்கா, நீ எழுதிக் கொடு” என்றான். இந்தப் பதிவு அந்த நான்கு நாள் எழுத்துவேலையைப் பற்றியது.

அவனுடைய வேலையின் பெயர் இது: செறிவு மிக்க டெராஹெர்ட்ஸ் ஒளித்துடிப்புகளை உண்டாக்குவதும் குவிப்பதும்.

டெரா என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று முதலில் தயங்கினேன். பிறகு செய்தித்தாளின் வரவுசெலவுப் பக்கம் கைகொடுத்தது. லட்சம் கோடி என்று நாள்தோறும் படிக்கிறோமே, அந்த எண்தான் டெரா: ஒன்றுக்குப் பின் 12 சுழி. நொடிக்கு ஒரு லட்சம் கோடி முறை அலைவுறும் அலை 1 டெராஹெர்ட்ஸ் அலை. அதன் அலைநீளம் 0.3 மில்லிமீட்டர், ஓர் உப்புக்கல்லின் அளவு. ஒருமுறை ஏறி இறங்க அதற்கு ஆகும் நேரம் 1 பிக்கோநொடி, அதாவது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. வானொலியும் கைப்பேசியும் பயன்படுத்தும் அலைகளுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குக் கீழே, ஏறக்குறைய 0.1 முதல் 10 டெராஹெர்ட்ஸ் வரையுள்ள இந்தப் பட்டையில் நெடுங்காலம் நல்ல விளக்கும் இல்லை, நல்ல கண்ணும் இல்லை. மின்னணுச் சுற்றுகளுக்கு இந்த வேகம் எட்டவில்லை. லேசர்களுக்கோ இந்த வேகம் மிகக் குறைவு. தமிழில் ‘ஒளி’ என்ற சொல் பெயராக நின்றால் வெளிச்சம். வினையாக நின்றால் மறைந்துகொள்வது. இரண்டு பொருளும் இந்த அலைக்குப் பொருந்தும் என்று எழுதினேன். “அந்த வரியை வைத்துக்கொள்” என்றான் தம்பி.

இந்த அலையை எதற்குத் தேடுகிறார்கள் என்பதற்கும் எளிய விடை உண்டு. பச்சை ஒளியின் ஒரு துகளுக்குள்ள ஆற்றலில் ஐந்நூறில் ஒரு பங்குகூட 1 டெராஹெர்ட்ஸ் ஒளித்துகளுக்கு இல்லை. ஆகவே அது மூலக்கூறுகளின் பிணைப்பை உடைப்பதில்லை, ஆட்டிப் பார்க்கிறது. படிகத்துக்குள் அணுக்கள் ஒன்றையொன்று இழுத்து ஆடும் தாளமும், காந்தப் பொருள்களில் காந்தத்தன்மை அசையும் தாளமும் பெரும்பாலும் இந்த அதிர்வெண்ணில்தான் இருக்கின்றன. மெல்லிய டெராஹெர்ட்ஸ் அலையை அனுப்பினால் அந்த ஆட்டத்தை வேடிக்கை பார்க்கலாம். வலிய துடிப்பை அனுப்பினால் ஆட்டத்தை நாமே ஆட்டுவிக்கலாம். ‘செறிவு மிக்க’ என்ற அடைமொழிக்கு இவ்வளவு பொருள் இருக்கிறது.

இனி, உண்டாக்குவது.

இரண்டு தம்புராத் தந்திகளைச் சற்றே வேறுபட்ட சுருதியில் மீட்டினால், ஒலி எழுந்து தாழ்ந்து எழுவது கேட்கும். பாடநூல்கள் அதை ‘விம்மல்’ என்கின்றன, அழகான சொல். விம்மலின் அதிர்வெண் இரு சுருதிகளின் வேறுபாடு. ஒளிக்கும் இப்படி உண்டு. 100 ஃபெம்டோநொடி, அதாவது ஒரு பிக்கோநொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் லேசர்த் துடிப்பில் ஒரே நிறம் இருக்க முடியாது. அடுத்தடுத்த பல நிறங்கள் சேர்ந்தே அவ்வளவு குறுகிய துடிப்பு உருவாகும். அந்த நிறங்களுக்கு இடையிலான வேறுபாடு டெராஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. தகுந்த படிகம் ஒன்றினுள் அந்தத் துடிப்பைச் செலுத்தினால், படிகம் அந்த வேறுபாட்டைத் தனி அலையாக வெளியிடும். லித்தியம் நையோபேட் அத்தகைய படிகம்.

ஆனால் கணக்கு கடுமையானது. 800 நானோமீட்டர் லேசர் ஒளியின் அதிர்வெண் 375 டெராஹெர்ட்ஸ். அதன் ஒரு துகள் ஒரே ஒரு 1 டெராஹெர்ட்ஸ் துகளைத் தந்துவிட்டு விலகினால், ஆற்றலில் 375-இல் ஒரு பங்குதான் கிடைக்கும். தந்தபின் மிஞ்சிய துகள் நிறம் சற்றே சிவந்து மறுபடியும் மறுபடியும் தந்தால் மட்டுமே அதற்கு மேல் போகலாம். அதற்கு இரண்டு அலைகளும் படிகத்துக்குள் நெடுந்தொலைவு சேர்ந்து நடக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். இந்தப் படிகத்தில் லேசர்த் துடிப்பு வேகமாகப் போகிறது. டெராஹெர்ட்ஸ் அலை அதன் வேகத்தில் பாதிகூட இல்லாமல் பின்தங்குகிறது. வெற்றிடத்தில் உள்ளதைவிட லேசர்த் துடிப்பின் வேகம் சுமார் 2.3 மடங்கு குறைவு. டெராஹெர்ட்ஸின் வேகம் சுமார் 5 மடங்கு குறைவு. இன்று பிறந்த அலை நேற்றுப் பிறந்த அலையோடு சேராமல், ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

2002-இல் ஹங்கேரி நாட்டின் யானோஷ் ஹெப்லிங்கும் அவர் குழுவினரும் ஒரு வழி சொன்னார்கள்: லேசர்த் துடிப்பின் முகப்பைச் சாய்த்துவிடுங்கள். இந்த இடத்தில் என் எழுத்து நின்றுபோனது. ‘சாய்ந்த துடிப்பு முகப்பு’ என்று எழுதினேன். சொல் சரி, பொருள் வரவில்லை. இரவெல்லாம் அடித்து அடித்து எழுதினேன். விடிந்ததும் மழை சற்று விட, எதிர்ச்சரிவில் கொழுந்து எடுக்கப் பெண்கள் நிரை பிடித்து இறங்கினார்கள். ஆளுக்கொரு நிரை. எங்கள் பேச்சில் அது ‘நெரை’.

அதையே எழுதினேன். பத்துப் பெண்கள் பத்து நிரையில் நேராக முன்னே போகிறார்கள். எல்லோரும் ஒரே வேகம். எல்லோரும் ஒரே கோட்டில் தொடங்கினால், அவர்களிடம் கொழுந்து வாங்க நிற்கும் வயதான பாட்டி பின்தங்கிப் போவாள். அவள் வேகம் அவர்கள் வேகத்தில் பாதிக்கும் குறைவு. இப்போது அவர்களை ஒரே நேரத்தில் தொடங்கவிடாமல், முதல் நிரைக்காரி முன்னே, அடுத்தவள் கொஞ்சம் பின்னே, அதற்கடுத்தவள் இன்னும் பின்னே என்று அனுப்புங்கள். பத்துப் பேரையும் சேர்க்கும் கோடு சாய்ந்த கோடாகிவிடும். பாட்டி அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக, நிரைகளைக் குறுக்கே கடந்து தன் வேகத்தில் நடக்கட்டும். அவள் ஒவ்வொரு நிரையையும் அடையும்போது அந்த நிரைக்காரி அப்போதுதான் அங்கே வந்து சேர்வாள். ஒரு பிடி கொழுந்து கூடையில் விழும். அடுத்த நிரை, அடுத்த பிடி. யாரும் வேகத்தைக் குறைக்கவில்லை, யாரும் ஓடவில்லை, கூடை நிறைகிறது.

தம்பி படித்துவிட்டு ஒரு தாளில் முக்கோணம் வரைந்தான். பெண்களின் வேகத்தைச் சாய்வுக்கோணத்தின் கொசைனால் பெருக்கினால் பாட்டியின் வேகம். லித்தியம் நையோபேட்டுக்கு அந்தக் கோணம் ஏறக்குறைய 63 பாகை. ஆய்வகத்தில் கீற்றணி ஒன்றில் லேசரைப் பட்டுத் தெறிக்கச் செய்து முகப்பைச் சாய்க்கிறார்கள். “அக்கா, இதை எனக்கே முதலாண்டில் யாரும் இப்படிச் சொல்லவில்லை” என்றான். அது பாராட்டு என்று அப்போது நினைத்தேன்.

அடுத்தது குவிப்பது. இங்கே நான் தவறினேன்.

தமிழில் ‘குவி’ என்ற வேர் எனக்குப் பிடித்த வேர்களில் ஒன்று. கொழுந்தைக் குவிக்கிறோம், கைகளைக் குவிக்கிறோம், மாலையில் தாமரை குவிகிறது. ஆடி ஒளியைக் குவிக்கும் புள்ளி குவியம். இந்த உறவுகளை எழுதிவிட்டு, “அகன்ற கற்றையைவிட மெல்லிய கற்றையே சிறிய புள்ளியில் எளிதாகக் குவியும்” என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன். அது இயல்பாகத் தோன்றியது. தம்பி அந்த வரியைக் கோடிட்டு அடித்தான். “நேர் மாறு. மெல்லிசாக இருந்தால் குவியாது. முதலில் விரிக்க வேண்டும்.”

அலை என்பது ஓரங்களில் விரிந்துகொண்டே செல்லும் இயல்புடையது. ஒரு குவியத்தில் எவ்வளவு சிறிய புள்ளி கிடைக்கும் என்பது, அலைநீளத்தைக் குவியத்தொலைவால் பெருக்கிக் கற்றையின் அகலத்தால் வகுத்தால் ஏறக்குறையக் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அலைநீளம் மிகச் சிறிது, கவலை இல்லை. டெராஹெர்ட்ஸுக்கு அது நூற்றுக்கணக்கான மடங்கு பெரிது. 5 சென்டிமீட்டர் குவியத்தொலைவுள்ள பொன்முலாம் பூசிய பரவளைய ஆடியில் 1 சென்டிமீட்டர் அகலக் கற்றை விழுந்தால், 1 டெராஹெர்ட்ஸில் புள்ளியின் அளவு சுமார் 1.5 மில்லிமீட்டர். அதே கற்றையை வேறு இரண்டு ஆடிகளால் 5 சென்டிமீட்டருக்கு விரித்தபின் அதே ஆடியில் விழச் செய்தால், புள்ளி சுமார் 0.3 மில்லிமீட்டராகச் சுருங்கும். பரப்பு 25 மடங்கு குறைகிறது. மின்புலம் 5 மடங்கு ஏறுகிறது. லேசரின் ஆற்றலைத் துளியும் கூட்டாமல்.

அந்தப் புள்ளியில் என்ன நிகழ்கிறது என்பதற்கும் ஒரு கணக்குப் போட்டோம். 2 மில்லிகிராம் எடையுள்ள ஒரு கடுகு 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அதன் ஆற்றல் ஏறக்குறைய 1 மைக்ரோஜூல். அவ்வளவு சிறிய ஆற்றலை 1 பிக்கோநொடிக்குள், 0.3 மில்லிமீட்டர் புள்ளிக்குள் அடக்கினால், அங்கே மின்புலம் சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் வோல்ட்டைத் தொடும். காற்றில் பொறி பறக்கச் சென்டிமீட்டருக்கு சுமார் 30,000 வோல்ட் போதும். ஆனாலும் இங்கே பொறி பறப்பதில்லை. பொறி பிறக்கத் தேவையான நேரம்கூட அந்தத் துடிப்பு நீடிப்பதில்லை. 2011-இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஹிரோரி, தனகா குழுவினர் சாய்ந்த முகப்பு முறையிலேயே இந்தப் பத்து லட்சம் வோல்ட் எல்லையைத் தாண்டினார்கள். அவர்களுக்கும் குவிக்கும் பணி உண்டாக்கும் பணிக்குக் குறைந்ததாக இருந்திருக்காது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது அடுக்களைப் பழமொழி மட்டும் அன்று.

பேச்சுக்கு இரண்டு நாள் முன்பு, கொழிஞ்சாம்பாறையில் ஒரு பதிவு வேலை இருந்ததால் நாங்கள் இருவரும் பாலக்காடு போனோம். இந்தப் பயணத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும்: கேரளத்தின் ஒரு தமிழ் எல்லையிலிருந்து மற்றொரு தமிழ் எல்லைக்குப் போகும் வழி தமிழ்நாட்டுக்குள் இறங்கி ஏறுகிறது. மூணாற்றில் மூடுபனியும் மழையும். மறையூர் தாண்டிச் சின்னாறு வந்தால் மழைமறைவு, கள்ளியும் முள்ளும். உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி, பிறகு கணவாய்க் காற்று. மூணாற்றில் நனைந்த துணி பொள்ளாச்சியில் உலர்ந்துவிட்டது. தம்பி சன்னல் வழியே பார்த்துக்கொண்டே சொன்னான்: “என் துடிப்பு மூணாற்றில் பத்தடி கூட ஒழுங்காகப் போகாது.”

உண்மைதான். நீரும் டெராஹெர்ட்ஸும் பகைகொண்டவை. 1 டெராஹெர்ட்ஸ் அலை நீருக்குள் ஒரு மயிரிழைத் தடிமன் போவதற்குள் பெரும்பகுதி அழிந்துவிடும். காற்றிலுள்ள நீராவியும் 0.557, 0.752, 1.097 டெராஹெர்ட்ஸ் போன்ற குறித்த இடங்களில் அலையை விழுங்கும். அதனால் ஆய்வகத்தில் கற்றையின் பாதை முழுவதையும் பெட்டிக்குள் அடைத்து, உலர்ந்த காற்றோ நைட்ரஜனோ நிரப்புகிறார்கள். அதே பகைமையை நன்மையாக்கி, ஓர் இலையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று இலையைக் கிள்ளாமலே அளக்கவும் செய்கிறார்கள். வாடுகிற கொழுந்தைக் கையால் தொட்டே ஈரம் சொல்பவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அதையும் பேச்சில் சேர்த்தேன்.

பாலக்காட்டில் மாலை கல்பாத்திக்குப் போனோம். அந்த அக்கிரகாரத்தில் 1893-இல் பிறந்தவர் கே. ஆர். இராமநாதன். கொல்கத்தாவில் சி. வி. இராமனோடு பணியாற்றியபோது, 1923-இல், குவித்த சூரிய ஒளியைத் தூய்மையாக்கிய நீருக்குள் செலுத்தி, சிதறிய ஒளியை நிற வடிகட்டிகளால் ஆராய்ந்தார். வரவே கூடாத நிறத்தில் மெல்லிய தடம் ஒன்று வந்தது. நீரில் அழுக்கு இருக்குமோ என்று மீண்டும் மீண்டும் தூய்மை செய்தும் தடம் மறையவில்லை. வலுவற்ற ஒளிர்வு என்று அதற்குப் பெயரிட்டார்கள். 1928-இல் இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் அதன் உண்மைப் பொருளைக் கண்டபோது அது இராமன் விளைவு ஆயிற்று. இராமநாதன் பின்னாளில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார். அதே கொல்கத்தாவில், அதற்கும் முன்னால், 1890-களில், ஜகதீச சந்திர போஸ் 5 மில்லிமீட்டர் அலைநீளம் வரை இறங்கி, முப்பட்டகத்தாலும் கொம்புவடிவ வாயாலும் அந்த அலைகளை ஒளியைப் போலவே கையாண்டு காட்டினார். டெராஹெர்ட்ஸ் நிலத்தின் தெற்கு வாசல் அது.

தம்பிக்குக் கல்பாத்தியில் பிடித்தது நீரைப் பற்றிய அந்தக் கதை. ஏனெனில் நீர் டெராஹெர்ட்ஸை விழுங்கும் என்று எல்லோரும் அறிந்திருந்தும், 2017-இல் மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் ஜி. ரவீந்திர குமார் குழுவினர் லேசர்த் துடிப்பைத் திரவங்களுக்குள் குவித்து, காற்றில் குவிப்பதால் கிடைப்பதைவிடப் பத்து மடங்குக்கு மேற்பட்ட டெராஹெர்ட்ஸ் ஆற்றலைப் பெற்றார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மெல்லிய நீர்ப்படலத்திலிருந்தே டெராஹெர்ட்ஸ் அலையை எடுத்தார்கள். வராது என்று எல்லோரும் நினைக்கும் இடத்திலும் சென்று பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆற்றுப்படியில் உட்கார்ந்து அவன் ஒன்றைச் சொன்னான். ஓராண்டாக அவன் துடிப்பு வலுப்பெறவில்லை. லேசரின் ஆற்றலைக் கூட்டினாலும் டெராஹெர்ட்ஸ் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று எண்ணியே ஊர் வந்திருக்கிறான். அம்மா கேட்ட கேள்விக்கு அவன் விடை சொல்லாததற்குச் சொல் இல்லாதது மட்டும் காரணம் அன்று.

பேச்சு வெள்ளிக்கிழமை நடந்தது. நாற்பது பிள்ளைகள். தகரக்கூரையில் மழை. லட்சம் கோடிக்குச் சிரித்தார்கள், கடுகுக்குச் சிரித்தார்கள். கொழுந்து நிரைக்கு யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அது வீட்டுக் காட்சி. முடிவில் கடைசி வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். “அண்ணா, நெரை ரொம்ப அகலமா இருந்தா, ஓரத்துல உள்ளவங்க கோட்டுல சரியா நிக்க மாட்டாங்கள்ல? கோடு வளைஞ்சிரும்ல? அப்ப பாட்டி வரும்போது அவங்க இருக்க மாட்டாங்களே?”

தம்பி பதில் சொல்லச் சற்று நேரமாயிற்று. அதுதான் அவனுடைய ஓராண்டுத் துன்பம். ஆற்றலைக் கூட்டக் கூட்ட, படிகம் தாங்குவதற்காக லேசர்க் கற்றையை அகலமாக்க வேண்டும். அகலமானால், சாய்ந்த முகப்பைப் படிகத்துக்குள் கொண்டுசேர்க்கும் வில்லைகளின் பிழையால் ஓரங்களில் கோடு வளையும். துடிப்பும் அங்கே நீண்டுவிடும். ஓரம் முழுதும் வீணாகும். “நீ கேட்டது பாடநூல் கேள்வி இல்லை. அதற்கு விடை தேடித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்” என்றான் அவளிடம்.

எனக்கு மகிழ்ச்சியும் அச்சமும் ஒன்றாக வந்தன. அந்தப் பெண் அந்தக் கேள்வியைத் தன் சொற்களில் சென்றடைந்தாள். அடுத்த ஆண்டு அவள் பதினொன்றாம் வகுப்புக்குப் போவாள். அங்கே பாடநூல் முழுவதும் ஆங்கிலம். எனக்கு நிகழ்ந்தது நினைவிருக்கிறது: பத்தாம் வகுப்பில் இயற்பியலில் முதல் மாணவி, பதினொன்றில் மூன்று மாதம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன். புரியாமல் இல்லை; கேட்கச் சொல் இல்லை. “மொழியை விட்டு மேலே வா” என்று அன்று அறிவுரை சொன்னார்கள். நான் மொழியை விடவில்லை, இயற்பியலை விட்டேன். தம்பி இயற்பியலை விடவில்லை; அம்மாவிடம் அதைப் பேசுவதை விட்டான். இருவருமே ஒன்றை மெலியச் செய்துகொண்டுதான் குவிய முயன்றோம்.

தம்பி ஆய்வகத்துக்குத் திரும்பிவிட்டான். வில்லைகளின் இடத்தில் ஆடிகளை வைத்துப் பார்ப்பதாகச் செய்தி அனுப்பினான். பேச்சுக்காக நாங்கள் திரட்டிய சொற்கள் 112. ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலச் சொல்லையும் எதிரே எழுதி அந்தப் பள்ளியில் கொடுத்திருக்கிறேன். பதினொன்றில் ஆங்கிலம் வரட்டும். இது கையில் இருக்கட்டும்.

அம்மாவுக்கும் ஒரு மாலை முழுக்கதையையும் சொன்னேன். நாற்பது ஆண்டு நிரை பிடித்தவள், இடைமறிக்காமல் கேட்டாள். கடைசியில் சொன்னாள்: “அப்ப மெதுவா வாறவள வெரட்டல. வேகமா போறவங்க நெரையச் சாய்ச்சு விட்டிருக்கீங்க. அதுதானே?”

அதுதான் அம்மா.